தொப்பை விழுந்த குரங்கு

மீனாட்சியம்மன் கோயில் யானை பார்வதியின் கண்புரையைப் பார்க்க, 2022-இல் தாய்லாந்திலிருந்து மருத்துவர் குழுவே மதுரைக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தாய்லாந்திலிருந்து ஒரு டி பிராசா குரங்கும் சென்னை விமான நிலையத்துக்கு வந்தது, பயணப் பெட்டிக்குள் அடைபட்டு. பிடிபட்டதால் தாய்லாந்துக்கே திருப்பி அனுப்பினார்கள். பிடிபடாதவை பெரிய மனிதர்களின் மாடியில் செல்ஃபிக்கு நிற்கின்றன.

"அண்ணே, தொப்பையப் பாருங்க! எல்லாம் நம்ம வீட்டுச் சாப்பாடு" என்பார் பெரிய மனிதர். அது சாப்பாடாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. வலப்பக்க இதய வால்வு பிறவியிலேயே கோணலாக இருந்தால், முன்னே போகவேண்டிய ரத்தம் பின்னே கசியும். நாளடைவில் வயிற்றில் நீர் கோக்கும். இடப்பக்க வால்வு என்றால் நுரையீரலில் கோத்து மூச்சிரைக்கும். அதற்கும் அவரிடம் பதில் உண்டு: "மதுர வெயிலு ஒத்துக்கல." எக்கோ எடுத்தால் குட்டு உடைந்துவிடும். ஆனால் குரங்கு அசையாமல் படுக்குமா? மயக்க ஊசி வேண்டும். பழுதான இதயத்துக்கு அந்த ஊசியே எமனாகலாம்.

எல்லாவற்றையும் தலையெழுத்தின் மேல் போட முடியாது; ஜோடி சேர்க்கும் மனிதக் கையும் காரணம். 1951-இல் ரேவா மன்னர் பிடித்த வெள்ளைப் புலி மோகனை, நிறத்துக்காக அதன் மகளோடே சேர்த்தார்கள். 1958-இல் வெள்ளைக் குட்டிகள் பிறந்தன. அந்த வம்சத்தின் மாறுகண்ணைத்தான் டிக்கெட் வாங்கி ரசிக்கிறோம். புளோரிடாவில் உறவுக்குள்ளேயே பெருகிய பூமாக்களில் சில இதயத்தில் ஓட்டையோடு பிறந்தன. 1995-இல் டெக்சாஸிலிருந்து 8 பெண் பூமாக்களைக் கொண்டுவந்துதான் வம்சத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். பொலிகாளையை மாற்ற வேண்டுமென்று அலங்காநல்லூர் மாட்டுக்காரருக்குத் தெரியும். குட்டி விற்றுக் காசு பார்ப்பவருக்குத் தெரியாதாம்!

அரசு என்ன செய்தது? 2020 ஜூனில், "வெளிநாட்டு விலங்கு வைத்திருந்தால் ஆறு மாதத்துக்குள் தானாக வந்து சொல்லுங்கள், ஆவணமே கேட்கமாட்டோம்" என்றது. ஓட்டை ஸ்கூட்டருக்கு ஆர்.சி. புக் கேட்டு வெயிலில் நிறுத்தும் நாட்டில், கண்டம் தாண்டி வந்த குரங்குக்கு வாய்ச்சொல் போதுமாயிருந்தது! 2024-இல் விதிகள் வந்தன. இப்படிப்பட்ட விலங்குகளை அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதியவேண்டும். பதியட்டும். பதிவெண் எந்த வால்வின் கசிவையும் அடைக்காது.

வாடிவாசலில் சில நொடி பாயும் காளையை மருத்துவர் பரிசோதித்துத்தான் உள்ளே விடுகிறார்கள். ஆயுள் முழுக்கக் கூண்டில் கிடக்கும் குரங்கின் நெஞ்சில் ஸ்டெத்தஸ்கோப் வைத்தவர் யார்? அடுத்தமுறை அந்த மாடிக்கு அழைத்தால், குட்டியின் தாய் தகப்பன் யாரென்று கேளுங்கள். பதில் இல்லாதவர் கடத்தலுக்குக் காசு கொடுத்தவர். பெட்டிக்குள்ளேயே மூச்சடைத்துச் செத்தவற்றின் கணக்கும் அவர் பேரில்தான்.