மட்டை தூளாக்கும் இயந்திரத்தின் முக்கலும் விக்கலும்

மரத்தைச் சீவித் தூளாக்கும் இயந்திரத்தை 1884-இல் ஜெர்மனியில் பீட்டர் ஜென்சன் என்பவர் உருவாக்கினார் என்பதும், 1996-இல் வெளிவந்த ‘ஃபார்கோ’ என்னும் திரைப்படம் அதற்குத் தேடித்தந்த புகழ் எந்த உற்பத்தியாளரும் விளம்பரத்தில் போட்டுக்கொள்ளக் கூடியதன்று என்பதும் துறை அறிந்தோர் அறிந்த செய்திகளே. ஆயினும் அதன் கொங்கு நாட்டுக் கிளையாகிய தென்னை மட்டை தூளாக்கும் இயந்திரம், பொள்ளாச்சி, உடுமலை வட்டாரத் தோப்புகளில் நின்றுபோகும் நேரங்களில் வசையையும் ஓடும் நேரங்களில் மௌனத்தையும் பெற்றுவருகிறதேயன்றி முறையான ஆராய்ச்சியைப் பெற்றதில்லை. இக்குறை சிறியதன்று. 25 அடிக்கு ஒன்றாக நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 70 தென்னை நிற்கும். ஒரு மரம் மாதம் ஒன்று வீதம் ஆண்டுக்கு 12 மட்டை கழிக்கும். ஆக ஏக்கருக்கு 840 மட்டை. கீற்று முடைந்து கூரை வேய்ந்த காலத்தில் இது செல்வமாக இருந்தது. வீடுகள் ஓட்டுக்கும் தகரத்துக்கும் கான்கிரீட்டுக்கும் மாறிய பின்னர், வரப்போரம் குவிந்து கிடந்து பாம்புக்கும் தேளுக்கும் வாடகையில்லாக் குடியிருப்பாகிவிட்டது. தூளாக்கினால் மரத்தடிக்கு மூடாக்கு ஆகும் என்பதே இயந்திரம் தோப்புக்குள் வந்த காரணம்.

இயந்திரத்தின் இனத்தை வரையறுக்கும் முதல் படியிலேயே ஆய்வாளர் இடறுகிறார். தொல்காப்பியத்தின் மரபியல், புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும் அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் வகுத்து, ஓலை, மடல், ஈர்க்கு, பாளை, குலை முதலிய உறுப்புப் பெயர்களைப் புல்லின் கணக்கில் எழுதுகிறது. தென்னை அவ்வகையில் புல்லே. தாவரவியலும் அதை ஒருவித்திலைத் தாவரம் என்று சொல்லி, அருகம்புல்லும் மூங்கிலும் அமர்ந்துள்ள பந்தியிலேயே இலை போடுகிறது. எனவே 10 குதிரைத்திறன் மோட்டார் பூட்டி, கடன் வாங்கி, தேங்காய் உடைத்து, பொட்டு வைத்துத் தோப்பில் இறக்கப்பெற்ற மரம் சீவும் இயந்திரம், இலக்கணப்படி ஒரு புல்வெட்டியாகிறது. இது வெறும் சொல்லாராய்ச்சி என்று தள்ளத்தக்கதன்று. மரக்கட்டை கத்தி பட்டதும் சில்லுச் சில்லாகத் தெறிக்கும்; மட்டையோ நீளவாக்கில் ஓடும் நார்க்கட்டுகளால் ஆனது ஆதலின், கத்தி கூராக இருந்தால் வெட்டுப்படும், மழுங்கியிருந்தால் நார் நாராகக் கிழிந்து சுழலும் தண்டில் சுற்றிக்கொள்ளும். பின்னர் விவரிக்கப்படும் துன்பங்களில் பாதி இந்தப் புல் குணத்திலிருந்து பிறப்பவை.

அத்துன்பங்களை வட்டார வழக்கு இரண்டாகப் பகுக்கிறது. ‘மோட்டர் முக்குதுங்க’ என்னும் மூலபாடத்தால் குறிக்கப்பெறுவது முக்கல்; அதாவது, பச்சைப் பொத்தானை அமுக்கியதும் மோட்டார் சுழலாமலோ வேகம் எடுக்காமலோ நின்ற இடத்தில் உறுமும் நிலை. ‘மட்டைய இழுக்க மாட்டேங்குதுங்க’ என்னும் பாடத்தால் குறிக்கப்பெறுவது விக்கல். அதாவது, மோட்டார் சுழன்றும் வாய் இரையை ஏற்காத நிலை. முன்னதை மின்குற்றம் என்றும் பின்னதை ஊட்டக்குற்றம் என்றும் இக்கட்டுரை வழங்கும். இவற்றையொட்டி இரண்டு சிந்தனை மரபுகள் நெடுங்காலமாக நிலவிவருகின்றன. மட்டை தள்ளுபவர் எக்காலத்தும் கரண்டைக் குறைசொல்வார்; வயர்மேன் எக்காலத்தும் கத்தியைக் குறைசொல்வார். தத்தம் கையிலுள்ள முனையை விடுத்து மறுமுனையிலேயே நோயைக் காணும் இவ்விரு மரபினருக்கும் டீ வாங்கித் தருபவர் தோப்புக்காரர். அவருக்கெனத் தனிக் கொள்கை கிடையாது.

முக்கலின் தலையாய காரணம், மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை இல்லாமற்போவதாகும். மூன்று கம்பிகளில் ஒன்றுக்குரிய பீஸ் (ஃபியூஸ் என்பதன் மரூஉ, ‘பீஸு போயிருச்சு’ என்பது இதன் ஆட்சி) எரிந்துவிட்டால், நின்றிருக்கும் மோட்டார் கிளம்பாமல் உறுமும், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரோ அதைப் பொருட்படுத்தாமல், எஞ்சிய இரண்டு முனைகளிலிருந்தும் ஏறத்தாழ 1.7 மடங்கு மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு, வார்னிஷ் கருகும் வாசனை வரும்வரை உழைக்கும். இவ்விடத்தில் டெஸ்டர் என்னும் கருவியின் சாட்சியம் ஏற்கத்தக்கதன்று. உறுமிக்கொண்டிருக்கும் மோட்டாரில் செத்துப்போன முனையைத் தொட்டாலும் டெஸ்டர் எரியவே செய்யும். ஏனெனில் மற்ற இரண்டு முனைகளின் வழியே சுருளுக்குள் புகுந்த மின்னழுத்தம் இந்த முனைக்கும் வந்து நிற்கிறது. ‘மூணு பேஸும் வருதுங்களே’ என்ற பொய்ச்சான்றின்மேல் எழுப்பப்பட்ட தீர்ப்புகளால் மறுசுருள் கட்டப்பெற்ற மோட்டார்கள் பல. பழைய வயர்மேன்கள் இதை அறிந்தே, இரண்டு குண்டு பல்புகளைத் தொடராக இணைத்த டெஸ்ட் லேம்ப்பை முனைக்கும் முனைக்கும் இடையே வைத்துப் பார்த்தனர். 415 வோல்ட்டை ஒற்றை பல்பு தாங்காது என்பதே இரண்டு பல்பின் தத்துவம். ஒரு சோடியில் பளிச்சென்றும் மற்ற இரண்டு சோடிகளில் மங்கியும் எரிந்தால், மங்கிய இரண்டுக்கும் பொதுவான முனையே குற்றவாளி.

மூன்று முனையும் நலமாயிருந்தும் மோட்டார் முக்குமாயின் அழுத்தக் குறைவை ஐயுற வேண்டும். மோட்டாரின் திருகுவிசை, அதாவது சுழற்றும் வலு, மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 415 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 360 வந்தால் அழுத்தத்தில் குறைவு 13 சதவீதமே எனினும் வலுவில் கால் பங்கு காணாமற்போகும். காணாமற்போனதைத் தேடி டிரான்ஸ்பார்மரை நோக்கிக் கைநீட்டுவதற்கு முன், மோட்டார் அறையிலிருந்து தோப்பின் கடைசி வரிசைவரை இழுத்துவரப்பெற்ற ஒயரை நோக்குதல் முறை. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரை 200 மீட்டர் இழுத்து 10 குதிரைத்திறன் மோட்டாரை முழுச்சுமையில் ஓட்டினால், ஒயரே ஏறத்தாழ 30 வோல்ட்டைத் தின்றுவிடும். கிளம்பும் நொடியில் மோட்டார் ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் கேட்பதால் ஒயரின் பசியும் அந்நேரத்தில் பெருகும். நடுவழியில் முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றப்பெற்ற ஒட்டுகள் வேறு உண்டு. மெயினை அணைத்தபின் அவற்றைத் தொட்டுப் பார்த்து, கதகதப்பாக இருப்பதைப் பிரித்தால், உள்ளே கம்பி கறுத்துப் பொடிந்து கிடக்கும்.

ஸ்டார்ட்டர் பெட்டியைத் தனியே ஆராய வேண்டும். உட்புறம் வெதுவெதுப்பாக இருப்பதால் எறும்பும் பல்லியும் அதைப் பெரிதும் விரும்புகின்றன. பஞ்சாங்கங்கள் பல்லி தலையில் விழுந்தால், தோளில் விழுந்தால், முழங்காலில் விழுந்தால் என்று உறுப்புவாரியாகப் பலன் வகுத்துள்ளனவே தவிர, மின்முனைகளுக்குக் குறுக்கே விழுந்தால் என்ன என்பதைச் சொல்லாது விட்டன; அனுபவத்தில் பலன் இரு தரப்புக்கும் கெடுதியாகவே முடிகிறது. எறும்பின் முறை வேறு. கான்டாக்டரின் இரண்டு முகங்கள் கூடும் இடத்தில் நசுங்கி, கருகி, மெல்லிய படலமாகப் படிந்து, மூன்றில் ஒரு முனையை மட்டும் கூடவிடாமல் தடுக்கிறது. அதாவது மேலே விவரிக்கப்பெற்ற ஒற்றை முனை இழப்பை, பீஸ் எதுவும் போகாமலே நிகழ்த்திக்காட்டுகிறது.

விக்கலை ஆராய்வோர் பெரும்பாலும் வாயையே பார்த்துக்கொண்டிருப்பர். பார்க்க வேண்டிய இடம் வால். தூள் வெளியேறும் குழாயும் அதற்கு முன்னுள்ள சல்லடையும் அடைத்துக்கொண்டால், உள்ளே இடமின்மையால் மட்டை நுழையாது. பச்சை மட்டையும் மழையில் நனைந்த ஓலையும் சல்லடைத் துளைகளில் களியாக அப்பிக்கொள்ளும். அவற்றைக் காய்ந்த மட்டையோடு மாற்றி மாற்றிக் கொடுத்தல் வேண்டும். மட்டையின் அடிப்பக்கம் முதலில் போக வேண்டும் என்பது அடுத்த விதி. தோகையை முன்னே விட்டால் ஓலைகள் விரிந்து வாயை அடைக்கும்; அடிப்பக்கத்தை முன்னே விட்டால் அவை மடிந்து பின்தொடரும்.

வாலும் வாயும் சரியெனில், நடுவிலுள்ள வி-பெல்ட்டுக்கு வர வேண்டும். சுமை ஏறியதும் கீச்சிட்டு, ரப்பர் தீயும் வாசனையைப் பரப்பி, மோட்டாரின் வேகத்தைக் கத்திக்குச் சேர்ப்பிக்காமல் வழியிலேயே சூடாகச் செலவழிக்கும் பெல்ட், நல்ல கமிஷன் ஏஜெண்ட்டை நினைவூட்டுவது. மூன்று பெல்ட் ஓடும் இயந்திரத்தில் அறுந்த ஒன்றை மட்டும் மாற்றுவது சிக்கனமாகத் தோன்றினும், புதியது இறுகியும் பழையவை தளர்ந்தும் இருப்பதால் புதியதே மூன்றின் சுமையையும் சுமந்து விரைவில் அறும்.

அடுத்தது கத்தியும், அதற்கு எதிரே அசையாமல் நிற்கும் எதிர்க்கத்தியும். இரண்டுக்கும் இடைவெளி கூடினாலும், கத்தி மழுங்கினாலும், வெளிவருவது தூளாக இராமல் துடைப்பமாக இருக்கும். கூரைக் கெடுப்பதில் முதலிடம் மட்டையில் ஒட்டிய மணலுக்கு, இரண்டாமிடம் இடைச்செருகலுக்கு. மூலத்தில் இல்லாததைப் பிற்காலத்தார் நடுவே நுழைத்தல் எனப் பதிப்பாசிரியர் கூறும் இடைச்செருகலுக்கு, இத்துறையில் ஆணி, கட்டுக்கம்பி, கல், குவியலோடு வந்த மறந்துபோன அரிவாள் ஆகியவை எடுத்துக்காட்டுகள். நைலான் கயிறு இவற்றுள் கொடியது. வெட்டுப்படாமல் தண்டில் சுற்றி, உருகி, பேரிங்கின் வாயிலில் கெட்டியாக அமர்ந்துவிடும்.

இரண்டு மரபினரும் ஒருங்கே தோற்கும் இடம் ஒன்று உண்டு. டிரான்ஸ்பார்மரில் வேலை நடந்த மறுநாள், மோட்டார் உற்சாகமாகச் சுழல, கத்தி புதிதாகச் சாணை பிடிக்கப்பெற்றிருக்க, இயந்திரம் மட்டையை இழுக்காமல் எதிர்த்து உதைக்கும். இரண்டு முனைகள் தமக்குள் இடம் மாறியதால் மோட்டார் தலைகீழாகச் சுழன்று, கத்தியின் முதுகு மட்டையை அடிக்கிறது என்பதே உண்மை. அதே லைனிலுள்ள கிணற்று மோட்டாரும் அன்று தண்ணீரைக் குறைத்தே தள்ளும் என்பது துணைச்சான்று. புல்லியின் மூடியில் சரியான திசையைக் காட்டும் அம்புக்குறி ஒன்று இருக்கும். மூன்று பூச்சுப் பெயின்ட்டுக்கு அடியிலிருந்து அதை வாசிப்பது கல்வெட்டியலாரின் வேலை. ஏதேனும் இரண்டு ஒயரை மாற்றிப் பூட்டினால் விக்கல் தீரும். அஃதாவது, இங்கே நோய் மின்னுடையது, குறி ஊட்டத்தினது. இதன் மறுதலையும் உண்டு: கத்தி மழுங்கியதால் மோட்டார் திணறி, மின்னோட்டம் கூடி, ஸ்டார்ட்டரிலுள்ள ஓவர்லோடு ரிலே சூடேறித் துண்டித்துவிட, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இயந்திரம் நிற்கும்போது, அதைக் கரண்ட் கோளாறு என்றே எல்லாரும் கூறுவர். ரிலேயின் திருகைக் கூட்டிவைத்துத் தீர்வு காண்போர் காப்பாளனைத் தூங்கவைத்துவிட்டு அமைதி நிலவுவதாக மகிழ்பவர்கள்.

இச்சோதனைகளுள் எதைத் தொடங்கினாலும், கைவைக்கும் முன் மூன்று பீஸ் கட்டைகளையும் பிடுங்கி, கைவைப்பவர் தம் சட்டைப் பையிலேயே போட்டுக்கொள்ளுதல் வேண்டும். ‘மெயின் ஆஃப் பண்ணியாச்சு’ என்று தொலைவிலிருந்து வரும் குரலை ஆதாரமாகக் கொள்ளுதல் கூடாது. மெயினை அணைத்த பின்னும் கத்தி பூட்டிய கனத்த சக்கரம் சிறிது நேரம் ஓசையின்றிச் சுழலும் என்பதையும், மணிக்கட்டையும் மட்டையையும் பிரித்தறியும் இலக்கணம் அதற்குத் தெரியாது என்பதையும் இங்கே நகைச்சுவையின்றிப் பதிவுசெய்ய வேண்டியுள்ளது.

எல்லாம் சரிசெய்த பின், பீஸ் கட்டைகள் மூன்றையும் திரும்பச் செருகி, சில நிமிடம் வெறுமனே ஓடவிட்டு, காய்ந்த மட்டை ஒன்றை அடிப்பக்கமாகக் கொடுத்தால், ஓசை ஒரு நொடி தணிந்து மீண்டும் எழ, குழாயிலிருந்து பழுப்புத் தூள் வரப்பின்மேல் தூவி விழும். அப்போது மட்டை தள்ளுபவர் ‘நாந்தான் அப்பவே சொன்னேனுங்களே, கரண்ட்டுதான்’ என்பார். வயர்மேன், ஒயரை மாற்றிப் பூட்டிய ஸ்குரூடிரைவரைத் துடைத்துக்கொண்டே, கத்தியை நல்ல பட்டறையில் கொடுக்கச் சொல்லி அறிவுறுத்துவார். வாதம் சூடுபிடிக்கும் முன் மும்முனை நின்றுவிடுமாயின், தோப்புக்காரர் இரண்டாவது டீக்கு ஆளனுப்புவார்.