பேரிங் மேல் பழி போடுமுன்

கேள்வி: எங்கள் பட்டறை லேத் கொஞ்ச நாளாகக் கத்துகிறது. பார்ப்பவர் எல்லாம் 'பேரிங் போச்சு' என்கிறார்கள். மாற்றிவிடலாமா?
– பட்டறைக்காரர் ஒருவர், சோழவந்தான்

பதில்: விசாரணை முடியுமுன் தண்டனை வேண்டாம். சத்தம் 'எப்படி' இருக்கிறது என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். ஒருவருக்கு உறுமல், இன்னொருவருக்கு இரைச்சல். எதை மாற்றினால் சத்தம் மாறுகிறது என்று பாருங்கள், அதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. முதலில் ஜாப்பை வெட்டாமல் சும்மா ஓட விடுங்கள். அப்போது அமைதி, டூல் பட்டதும் அலறல் என்றால் பேரிங்கைவிட வெட்டும் முறையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். டூல் அதிகம் வெளியே நீட்டியிருக்கும்; அல்லது நீளமான பம்ப்செட் ஷாஃப்ட்டுக்கு டெயில்ஸ்டாக் தாங்கல் இருக்காது. டூல் அதிர்ந்து, வெட்டிய பரப்பில் அலை அலையாகத் தடம் தெரியும். உலோகம் வெட்டுவது பற்றி 1907-இல் வெளியான தம் பெரிய ஆய்வில் பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லரே மிகக் கடினமான சிக்கல் என்று சொன்ன அதிர்வு இது.

சும்மா ஓடும்போதும் சத்தம் வந்தால், ஓட்டத்திலேயே மோட்டாரை ஆஃப் செய்யுங்கள். சக் இன்னும் சுற்றிக்கொண்டிருக்க, சத்தம் மட்டும் அந்தக் கணமே அறுந்தால் கோளாறு மின்சாரத்தில். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மோட்டாரின் காந்த இழுப்பு நொடிக்கு 100 முறை துடிக்கும். மூன்று ஃபேஸில் ஒன்று பலவீனமானாலும் மோட்டார் உறுமும். புது பேரிங் போட்டாலும் அந்த உறுமல் போகாது. சக்கோடு சேர்ந்து சத்தமும் மெல்ல அடங்கினால்தான் கோளாறு இயந்திரப் பாகங்களில். இனி கியர் மாற்றி வேகத்தைக் குறையுங்கள். தட்டும் சத்தம் அதே வேகத்தில் வந்தால் மோட்டார், பெல்ட் பக்கம் தேடுங்கள். கூடவே குறைந்தால் ஹெட்ஸ்டாக். நிமிடத்துக்கு 600 சுற்று என்றால் நொடிக்கு 10. ஸ்பிண்டில் கியரில் ஒரு பல் உடைந்திருந்தால் நொடிக்கு 10 தட்டு. 10 உருளை உள்ள பேரிங்கின் வெளி வளையத்தில் பள்ளம் என்றால், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 4 தட்டு, நொடிக்கு 40. எண்ணிக்கையே ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

'பழைய ஃபிட்டர் காதை வைத்தே சொல்லிவிடுவாரே' என்பீர்கள். சொல்வார், இயந்திரம் கிளம்பும்போதும் அடங்கும்போதும் கவனித்து இதே சோதனைகளை அவர் மனசுக்குள் முடித்துவிடுகிறார். 'பெரியாறு பாசன நெல் வந்து, ரைஸ்மில் ஷாஃப்ட் காத்திருக்கும்போது சோதனைக்கு நேரம் ஏது?' என்பது நியாயமான கேள்வி. ஆனால் ஸ்பிண்டில் பேரிங் அளவு பார்த்து இறுக்கி அமைத்தது. தேவையில்லாமல் தட்டிக் கழற்றினால் லேத்தின் துல்லியமே போகும், பட்டறை இன்னும் அதிக நாள் படுக்கும்.

கேள்வி: கிரீஸ் அடைத்தால் சத்தம் நின்றுவிடுகிறதே?
– அதே வாசகர்

பதில்: சத்தம்தான் நிற்கிறது, தேய்மானம் நிற்பதில்லை. அளவுக்கு மீறிய கிரீஸ் பேரிங்கைச் சூடாக்கும். கடைசியாக ஓர் எச்சரிக்கை: சோதிக்கும்போது தோளில் துண்டு வேண்டாம், முழுக்கைச் சட்டை வேண்டாம். காதுக்கு ஸ்க்ரூடிரைவர் வைத்துக் கேட்பதானால், சுற்றாத உறையின் மேல் மட்டும் வையுங்கள்.