பின்தோளைப் பார்ப்பார் யார்?

உளுந்தூர்பேட்டையில் தோளுக்குப் பஞ்சமில்லை. லாரியில் மூட்டை ஏற்றுபவர்களே சாட்சி. ஜிம்முக்கு வரும் தம்பிகளுக்கு அது போதாது. அர்னால்டு பிரஸ் வேண்டும்: உள்ளங்கை முகம் பார்க்க டம்பெல்லைப் பிடித்து, திருப்பிக்கொண்டே மேலே தூக்குவது.

உட்கார்ந்தோ நின்றோ எப்படித் தூக்கினாலும் பெரும்பங்கு வேலை முன்தோளுக்குத்தான். பக்கத்தோளுக்குக் கொஞ்சம், பின்தோளுக்குப் பெயரளவு. பின்தோள் வளரக் குனிந்து கைகளைப் பக்கவாட்டில் விரிக்க வேண்டும். கண்ணாடியில் தெரியாத தசைக்காக யார் குனிவது?

பிரஸ்ஸில் எடை கூடியதும் இடுப்பு வில்லாக வளைகிறது; தோளின் வேலையை மார்பு பிடுங்கிக்கொள்கிறது. இந்த வளைவுக்குத் தீர்ப்புச் சொல்லி மாளாமல்தான் 1972 மியூனிக் ஒலிம்பிக்கோடு பளுதூக்கும் போட்டியிலிருந்து பார்பெல் பிரஸ்ஸையே தூக்கிவிட்டார்கள். 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் வேலூர் சதீஷ் சிவலிங்கம் தங்கம் வென்றதும் பிரஸ் இல்லாமல்தான்.

ஜிம்மில் நடுவர் கிடையாது. “இன்னும் ஒண்ணு மாப்ள!” என்று எண்ணிக்கொடுக்க மட்டும் ஆள் உண்டு.