சிறுநீரகத்துக்குச் சுக்கிர தசை

ஒன்ராறியோ மாகாணத் தொழில் அமைச்சர் அவர்களுக்கு, பார்க்டேல் ஜேம்சன் அவென்யூ அடுக்குமாடியிலிருந்து பணிவோடு எழுதும் மகஜர்.

ஐயா,

உங்கள் அமைச்சில் கைதேர்ந்த சாத்திரியார் ஒருவர் சம்பளத்துக்கு இருக்கிறார் என்று எனக்கு நெடுநாளாகச் சந்தேகம். 2007இல் வந்த 253/07 இலக்க ஒழுங்குவிதியை வாசித்ததும் சந்தேகம் தீர்ந்தது. தீயணைப்பு வீரருக்குக் குறித்த சில புற்றுநோய்கள் வந்தால் அவை வேலையால் வந்தவை என்றே சட்டம் கொள்ளும். இல்லையென்று காட்டுவது மறுப்பவர் பாடு. நல்ல சட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சலுகை கிடைக்க எந்த உறுப்புக்கு எத்தனை ஆண்டு சேவை வேண்டும் என்று பக்கத்திலேயே ஒரு பட்டியலும் போட்டீர்கள். மூளைக்கு 10. சிறுநீர்ப்பைக்கு 15. சிறுநீரகத்துக்கு 20. உணவுக்குழாய்க்கு 25.

மூளைக்கு நடப்பது சந்திர தசை, சிறுநீரகத்துக்குச் சுக்கிர தசை என்று எங்கள் வீட்டில் உடனே பிடித்துவிட்டார்கள். 15உம் 25உம்தான் எந்தக் கிரகத்தோடும் ஒத்துப்போகவில்லை. அவை கனடாவுக்கு மட்டும் தெரியும் கிரகங்களாக இருக்கலாம்.

அந்தக் கணக்கின்படி 19 ஆண்டும் 11 மாதமும் ஏணி ஏறியவரின் சிறுநீரகத்தில் கட்டி தெரிந்தால், சுக்கிரனில் ஒரு மாதம் பாக்கி. அவருக்குக் கதவு மூடப்படவில்லை என்பீர்கள். உண்மைதான். எந்த வீட்டுப் புகை எந்தக் கலத்தைக் கெடுத்தது என்று அவர் தன் பாட்டில் நிறுவிக்கொள்ளலாம். சிகிச்சை நடக்கும் நாட்களில் ஆளுக்கு வேறென்ன வேலை?

கனடாவில் இப்படியொரு சட்டத்தை முதலில் கொண்டுவந்தது மனிற்றோபா, 2002இல். அங்கே இரத்தப் புற்றுநோய்க்கு 5 ஆண்டு போதும் என்றார்கள். நீங்கள் 15 கேட்டீர்கள். கெனோரா தாண்டி எல்லையைக் கடந்தால் இரத்தத்தின் குணம் மாறிவிடுகிறது போலும். யாழ்ப்பாணத்தவர்களுக்கு இது புதிதல்ல. மனிற்றோபாக்காரர் வாக்கியப் பஞ்சாங்கம், நீங்கள் திருக்கணிதம். எங்கள் ஊரில் இந்தச் சண்டையால் திருவிழாத் திகதிதான் மாறும்.

முகூர்த்தமும் வைத்திருந்தீர்கள். பெருங்குடல் புற்றுநோய் வீரருக்கு 61 வயது ஆகுமுன் கண்டறியப்பட வேண்டியிருந்தது, அதாவது மணிவிழா முடிந்து ஓர் ஆண்டுக்குள். நுரையீரல் பின்னர் பட்டியலில் சேர்ந்தபோது, அவர் 10 ஆண்டாகப் புகைபிடிக்காதவராக இருக்க வேண்டும் என்றீர்கள். எரியும் வீட்டில் இழுத்த புகை இந்தக் கணக்கில் வராது. இதயம் பழுதானால் தீயை அணைத்த 24 மணி நேரத்துக்குள் ஆகிவிட வேண்டும். 24 மணியும் 5 நிமிடமும் என்றால் இராகுகாலம்.

பிறகு 2024இல் நீங்கள் செய்ததைப் பார்த்து எங்கள் சாத்திரியார்களே வாயடைத்துப்போனார்கள். உணவுக்குழாயை 25இலிருந்து 15க்கு இறக்கினீர்கள். தோலை 15இலிருந்து 10க்கு. ஆண்டு முடிவதற்குள் சிறுநீரகத்தை 20இலிருந்து 10க்கு. சுக்கிர தசையைச் சரிபாதியாக வெட்டிய கெட்டித்தனம் பூவுலகில் உங்களுக்கு மட்டுமே உண்டு. நன்றி. இதை நக்கலாகச் சொல்லவில்லை. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். 2014இலும் சிறுநீரகம் இதே சிறுநீரகம்தானே? அன்று 12 ஆண்டுச் சேவையோடு நோயில் விழுந்தவரிடம் 20 கேட்டது எந்த விஞ்ஞானம்?

ஹாமில்டனில் 1997 ஜூலையில் பிளாஸ்டிமெட் என்ற மறுசுழற்சிக் கூடம் நான்கு நாள் எரிந்தது. உள்ளே நூற்றுக்கணக்கான தொன் பிவிசி பிளாஸ்டிக். அதை அணைக்கப் போனவர்களில் ஒருவர் கேப்டன் பாப் ஷா. 2004இல் உணவுக்குழாய்ப் புற்றுநோயால் இறந்தார். அவருடைய மனைவியும் தோழர்களும் விடாமல் தட்டிய கதவுகளில் ஒன்றுதான் 2007இல் திறந்தது. திறந்த கையோடு, அவரைக் கொன்ற அதே உறுப்புக்குப் பட்டியலிலேயே மிக நீண்ட தவணையை, 25 ஆண்டை, எழுதிவைத்தீர்கள். இதற்குப் பகடி எழுத எனக்குத் தெரியவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022இல் தீயணைக்கும் தொழிலையே முதல் வகுப்புப் புற்றுக்காரணி என்று அறிவித்தது. புகையிலையும் அஸ்பெஸ்டசும் இருக்கும் வகுப்பு அது. பார்க்டேலுக்கு இதில் வியப்பில்லை. அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விட்ட பழைய வீடுகளும் வெஸ்ட் லொட்ஜ் கோபுரங்களும் உள்ள ஊர் இது. இங்கே தீப்பிடித்தால் மரம் மட்டுமா எரிகிறது? சோபாவுக்குள் இருக்கும் நுரைப்பஞ்சு எரிந்து சயனைட் வாயுவாகிறது. கரி உடுப்பில் படிந்து, வியர்த்த தோல் வழியே உள்ளே போகிறது. முகமூடி மூக்கைக் காக்கும், கழுத்தைக் காக்காது. எங்கள் மாடியில் செத்தல் மிளகாய் வறுத்தாலும் அலாரம் அடிக்கும். அதற்கும் அதே கனத்த உடுப்போடு ஓடிவருவார்கள், தும்மிக்கொண்டு திரும்பிப் போவார்கள். அந்தப் புகைக்கு நட்டஈடு கேட்டு அவர்கள் இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்பது எங்கள் நல்ல காலம்.

வேலை கொடுத்த நகரத்தின்மேல் வழக்குப் போடலாமே என்றால் அதுவும் முடியாது. நீதிபதி மெரடித் சொன்னபடி 1914இல் இந்த மாகாணம் ஓர் உடன்படிக்கை செய்தது: தொழிலாளி முதலாளிமேல் வழக்காடும் உரிமையை விடுவார், பதிலுக்கு இழப்பீடு விரைவாகவும் நிச்சயமாகவும் கிடைக்கும். தொழிலாளி தன் பங்கை அன்றைக்கே கொடுத்துவிட்டார்.

ஓய்வூதியத்தையும் தொட்டுவிடுகிறேன். ஓமர்ஸ் ஓய்வூதியத் திட்டத்தில் பெரும்பாலான நகரசபை ஊழியருக்கு ஓய்வு வயது 65, தீயணைப்பவருக்கு 60. இந்த உடம்பு சீக்கிரம் தேயும் என்று ஓய்வூதியக் கணக்கர்களுக்கு விளங்கியிருக்கிறது, பட்டியல் எழுதியவருக்குத்தான் விளங்கவில்லை. ஆனால் 2023 முதல் உழைக்கும் ஆண்டுகளுக்கான ஓய்வூதியம் விலைவாசியோடு முழுதாக ஏறும் என்ற உறுதி அங்கேயும் போய்விட்டது. நிதி நிலையைப் பார்த்துச் சொல்வார்களாம். அதுவும் கோசார பலன்தான்.

ஆகவே ஐயா, கேட்பது இவ்வளவே. உங்களால் காலத்தை வளைக்க முடியும். 2007 விதியை 1960 ஜனவரி 1 வரை பின்னோக்கிச் செல்லும்படி எழுதியவர்கள் நீங்கள். அந்தக் கையாலேயே சேவை ஆண்டு என்ற நிரலை முழுதாக அடித்துவிடுங்கள். நோய் வேலையால் வந்ததல்ல என்று காட்டும் வாய்ப்பு மறுப்பவருக்குச் சட்டத்திலேயே இருக்கிறது, அது போதும். அடிக்க மனம் வராவிட்டால், அடுத்த தசைக் குறைப்பு எந்த உறுப்புக்கு, எந்த ஆண்டில் என்று இப்போதே வர்த்தமானியில் போட்டுவிடுங்கள். லான்ஸ்டவுன் அவென்யூ தீயணைப்பு நிலையத்துப் பிள்ளைகள் எந்த நோயை எதுவரை தள்ளிப்போடுவது என்று திட்டமிட வசதியாக இருக்கும்.

இங்ஙனம்,
மிளகாய் வறுக்கும் மேல்மாடிக்காரன்