சட்டை உண்டு, ஸ்டூல் உண்டா?

விடிவதற்கு முன்பே கம்பத்திலும் போடியிலும் ஜீப்புகள் உறும ஆரம்பித்துவிடும். இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கிளம்பும் பெண்களுக்கும் ஒரு சீருடை உண்டு: சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. துணி, தையல், சலவை எல்லாம் தொழிலாளியின் செலவு. இவ்வளவு சிக்கனமான சீருடைத் திட்டத்தை எந்த நிர்வாகவியல் கல்லூரியும் இன்னும் பாடமாக வைக்காதது ஆச்சரியம்தான். குடை, கம்பளி, மழைக்கோட்டு கொடுக்க மாநில அரசுகள் விதி செய்யலாம் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. ஆனாலும் மழை வந்தால் இடுப்பில் சுற்றிக்கொள்ள பிளாஸ்டிக் தாள்தான்.

அதே ஊர்களிலிருந்து கிளம்பி, குமுளியில் இறங்கி ரிசார்ட்டுக்குள் நுழையும் பையன் வேறு ஆளாகிவிடுவான். கஞ்சி போட்ட சட்டை, சரிகைக்கரை வேட்டி, நெஞ்சில் பெயர்ப்பட்டை, முகத்தில் சிரிப்பு. சிரிப்பும் சீருடையில் சேர்த்தி; ஷிப்ட் முடியும்வரை கழற்றக் கூடாது.

சீருடை கிடைத்தாலும் உட்கார இடம் கிடைப்பது வேறு கதை. கடை, நிறுவன ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. அது மலையிறங்கித் தமிழ்நாட்டுக்கு வந்து சேர 2021 ஆகிவிட்டது. ஜீப் கிடைக்கவில்லை போலும். வந்த பிறகும் பல ஜவுளிக்கடைகளில் ஸ்டூல் மேல் உட்கார்ந்திருப்பது புடவைக்கட்டு. சீருடைச் சேலை கட்டிய பெண் பக்கத்தில் நிற்கிறார்.

அடுத்த தீபாவளிக்குத் தேனியில் புடவை எடுக்கப் போனால், அவரை முதலில் உட்காரச் சொல்லுங்கள். மேலாளர் முறைத்தால் கவலை வேண்டாம், சட்டம் உங்கள் பக்கம்.