ஒண்ணும் ரிப்பேர் ஆகலீங்களே, எதுக்குங்க காசு?

சாப்ட்வேரை எழுதிக் கொடுத்துக் காசு வாங்குவதில் பெரிய சிரமம் இல்லை. திரை இருக்கிறது, பட்டன் இருக்கிறது, அமுக்கினால் பில் வருகிறது. கண்ணால் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணி வைக்கிறார்கள். சிரமமெல்லாம் மறுவருஷம் ஏ.எம்.சி., அதாவது வருஷாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம், கேட்டுப் போகும்போதுதான். சரக்கு ஏற்கெனவே அவர் கடையில் இருக்கிறது. நாம் விற்கப் போவது, அது இனிமேலும் ஓடும் என்ற நிம்மதியை. நிம்மதிக்கு எம்.ஆர்.பி. ஒட்டித் தர இதுவரை யாரும் முன்வரவில்லை.

நான் தனியாளாகத் தொழில் செய்கிறவன். சேல்ஸ், சப்போர்ட், வசூல், திட்டு வாங்குவது என்று எல்லா டிபார்ட்மென்டுக்கும் நானே ஹெட். என் வாடிக்கையாளர்களில் ஒருவர் ஈரோட்டில் ரெடிமேட் மொத்த வியாபாரம் பண்ணும் அண்ணா. பில்லிங், ஸ்டாக், பாக்கி வசூல் மூன்றும் நான் எழுதிய சாப்ட்வேரில்தான் ஓடுகின்றன. தங்கமான மனிதர். காபி வாங்கித் தராமல் ஒருநாளும் விலையைக் குறைத்துக் கேட்டதில்லை.

"நம்ம வீட்டு ஆர்.ஓ. மெஷினுக்கும் ஏ.எம்.சி. இருக்குதுங்க தம்பி. அந்தப் பையன் வர்றான், கழட்டறான், ஃபில்டரை மாத்தறான். பழைய ஃபில்டரைக் காட்டி, 'எவ்வளவு அழுக்கு பாருங்க'ன்னு சொல்லிட்டுப் போறான். நீங்க என்னத்தைங்க மாத்தறீங்க?"

நியாயமான கேள்விதான். என்னிடம் எடுத்துக் காட்ட அழுக்கு ஃபில்டர் இல்லை. வருஷம் முழுக்க எதுவும் கெடாமல் ஓடியிருந்தால், "ஒண்ணும் ரிப்பேர் ஆகலீங்களே தம்பி, எதுக்குங்க காசு?" நாலு தடவை நின்றிருந்தால், "இத்தனை தடவை ரிப்பேர் ஆச்சுங்களே, இதுக்கு எதுக்குங்க காசு?" இரண்டு கேள்விகளையும் அவர் ஒரே புன்னகையோடுதான் கேட்பார்.

உண்மையில் சாப்ட்வேர் எங்கேயும் நகர்வதில்லை. எழுதி வைத்த இடத்தில் வைத்தபடியே இருக்கிறது. அதைச் சுற்றியிருக்கும் உலகம்தான் சும்மா இருப்பதில்லை.

2025 செப்டம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். 3-ஆம் தேதி ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடி வரி விகிதங்களை மாற்றியது. 22-ஆம் தேதி முதல் அமல். ஆயத்த ஆடைக்கு அதுவரை 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12. இனிமேல் 2,500 வரை 5, அதற்கு மேல் 18. அண்ணா போனில் சொன்னார்: "ஆயிரத்தை அழிச்சுட்டு ரெண்டாயிரத்து ஐநூறுன்னு போடறதுதானுங்களே. இடத்தைக் காட்டுங்க, நானே போட்டுக்கறேன்."

போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஆகஸ்டில் 12 சதவீதத்தில் விற்ற சட்டை அக்டோபரில் ரிட்டர்ன் வந்தால், அதற்கான கிரெடிட் நோட்டைப் பழைய 12-லேயே போட்டாக வேண்டும். ஆக, ரிட்டர்ன் வரும் ஒவ்வொரு உருப்படியும் எந்தத் தேதியில் எந்த பில்லில் போனது என்று சாப்ட்வேர் தேடிப் பார்க்க வேண்டும். இதை நான் அண்ணாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க தம்பி, சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சுடுங்களா?" என்றார்.

அதே சீசனில் அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. தீபாவளி 20-ஆம் தேதி. நடுவில் கிடைத்த வாரத்தில் அண்ணாவின் மச்சான் புது கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்து பெருமையாக மேஜையில் வைத்தார். கடையின் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருடைய கேபிளைச் செருக அதில் ஓட்டையே இல்லை. வெளியூர் வியாபாரிகள் மூட்டையோடு நிற்கிறார்கள், பில் வரவில்லை. போன் யாருக்கு வரும்? கம்ப்யூட்டர் விற்றவருக்கு வராது, மைக்ரோசாஃப்டுக்கு வராது, மச்சானுக்கு நிச்சயம் வராது.

போன் என்றேனே, அது கடைசிக் கட்டம். முதலில் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வரும். திரையைப் பக்கவாட்டில் நின்று எடுத்தது. எர்ரர் மெசேஜ் இருக்கும் இடத்தில் சரியாக டியூப் லைட் வெளிச்சம் விழுந்திருக்கும். மீதி இடத்தில் கட்டைவிரல். கீழே ஒரே வரி: "இப்படி வருதுங்க." எப்படி வருகிறது என்று இங்கிருந்தே அந்தத் திரையைத் திறந்து பார்க்க எனிடெஸ்க் நம்பர் கேட்டால், அதைக் கேஷியர் பெண் படிக்க, அண்ணா திருப்பிச் சொல்ல, பின்னால் லோடுமேன் மூட்டைக் கணக்கையும் சேர்த்துச் சொல்ல, எனக்கு வந்து சேரும்போது அதில் மூன்று இலக்கம் கூடியிருக்கும்.

சாப்ட்வேர் பராமரிப்பைப் பற்றி அமெரிக்காவில் லீன்ட்ஸ், ஸ்வான்சன் என்ற இருவர் ஆராய்ந்து 1980-ல் ஒரு புத்தகமே போட்டார்கள். பராமரிப்பு வேலையில் பிழை திருத்துவது சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். பாதியோ அதற்கு மேலோ மேம்படுத்துவதிலேயே போகிறது, அதிலும் பெரும்பங்கு வாடிக்கையாளர் புதிதாகக் கேட்டதைச் சேர்ப்பதுதான் என்று கண்டார்கள். அவர்கள் ஈரோடு பக்கம் வராமலே இதைக் கண்டுபிடித்தது பெரிய விஷயம்.

சரி, இதற்கு என்ன விலை போடுவது? பெரிய கம்பெனிகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்றால், ஆரக்கிள் லைசென்ஸ் தொகையில் ஆண்டுக்கு 22 சதவீதம் வாங்குகிறது. ஜெர்மனியின் எஸ்.ஏ.பி., 17-லிருந்து 22 ஆக்குகிறோம் என்று 2008-ல் அறிவித்தது. வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்ததில், 2010-ல் விலை குறைந்த சப்போர்ட் திட்டம் ஒன்றைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. எஸ்.ஏ.பி.யே பேரத்தில் இறங்கி வருகிறது என்றால், காபியைக் குடித்துவிட்ட நான் எம்மாத்திரம்?

ஒன்றரை லட்சத்துக்கு எழுதிய சாப்ட்வேருக்கு 18 சதவீதம் என்றால் 27,000 ரூபாய். அண்ணா கால்குலேட்டரைத் தொடாமலே, "பன்னெண்டு வெச்சுக்கலாமுங்க, மாசம் ஆயிரம்" என்பார். நாளுக்கு 33 ரூபாய் கூட முழுதாக வராது. தீபாவளிக்கு முந்தின ராத்திரி பதினோரு மணிக்கு எழுந்து உட்காருவதும் அந்த 33-க்குள் அடக்கம்.

மணிக்கணக்கில் வாங்கலாமே என்பார்கள் நண்பர்கள். அதுவும் பார்த்தாயிற்று. வருஷக் கணக்கில் இருந்தபோது, "சாப்டாச்சுங்களா, அம்மாவுக்கு முட்டிவலி தேவலைங்களா" என்று பத்து நிமிஷம் நலம் விசாரித்த அதே அண்ணா, மணிக்கணக்கு என்றதும் மூச்சு விடாமல் பேச ஆரம்பித்தார். "பில்நிக்குதுதம்பிபாருங்க" என்பதோடு லைன் கட். முன்பணம் வாங்கி வருஷத்துக்கு இத்தனை மணி நேரம் என்று ஒதுக்கினால், மார்ச் மாதம் மீதி மணிக்குக் கணக்கு கேட்பார். "ரெண்டு மணி நேரம் பாக்கி இருக்குதுங்களே, பையனோட காலேஜ் புராஜெக்டைப் பண்ணிக் குடுத்துடுங்க."

இத்தனைக்குப் பிறகு எனக்குத் தெளிவானது ஒன்றுதான். ஏ.எம்.சி. என்பது நாம் செய்கிற வேலைக்கான கூலி இல்லை. போன் அடித்தால் எடுக்க ஒரு ஆள் இருக்கிறான் என்பதற்கான விலை. அண்ணா சாப்ட்வேரைக் குறை சொல்வார், என்னைக் குறை சொல்வார், ஆனால் வேறு ஆளைத் தேடிப் போக மாட்டார். வேறு ஆளிடம் "இப்படி வருதுங்க" என்று போட்டோ அனுப்பினால் அவனுக்கு ஒன்றும் புரியாது என்பது அவருக்கே தெரியும்.

ஆகவே இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன். அன்றைக்கு விற்ற விலையில் சதவீதம் போடாதீர்கள். இன்றைக்குப் புதிதாக எழுதினால் என்ன கேட்பீர்களோ அதில் 18-லிருந்து 20 சதவீதம் போடுங்கள். எதெல்லாம் சேர்த்தி என்பதை விட எதெல்லாம் சேர்த்தி இல்லை என்பதை முதலில் எழுதுங்கள்: புது ரிப்போர்ட், பிரிண்டர் கேபிள், மச்சான் வாங்கிய கம்ப்யூட்டர், பையனின் புராஜெக்ட். அரசாங்கம் விதியை மாற்றினால் அதற்குத் தனி பில் என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். மாதா மாதம் செய்த வேலைகளை ஒரு தாளில் அச்சடித்து நேரில் கொடுங்கள். நம்மிடம் இருக்கும் அழுக்கு ஃபில்டர் அது ஒன்றுதான்.

முக்கியமாக, ரின்யூவல் தேதியை மார்ச்சில் வைக்காதீர்கள், அப்போது எல்லாப் பணமும் ஆடிட்டர் பக்கம் போய்விடும். ஆடியில் வைத்தால் தள்ளுபடி கேட்பார்கள். ஜவுளிக்காரருக்குத் தீபாவளி முடிந்த அந்த வாரம்தான் சரி. கல்லாவில் பணம் இருக்கும், ராத்திரி பதினோரு மணிக்கு யார் போனை எடுத்தது என்ற ஞாபகமும் இருக்கும். பொங்கல் வரை விட்டால் இரண்டுமே இருக்காது.