ஏறாத பட்டை

பிட்ஸ்பர்க்கில் குடியிருப்பதில் ஒரு சங்கடம். கணக்குச் சொல்லித்தரும் கம்ப்யூட்டர் வாத்தியாருக்குப் பிறந்த வீடுகளில் ஒன்று இந்த ஊர். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜான் ஆண்டர்சன் என்ற மனோதத்துவப் பேராசிரியர், மனுஷ மூளை எப்படி யோசிக்கிறது என்று ஆராயப் போக, அது 1990-களில் உள்ளூர்ப் பள்ளிகளின் அல்ஜீப்ரா வகுப்புக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒன்பதாவது படிக்கும் என் மகளுக்கும் அந்த வம்சத்து மென்பொருள் ஒன்றுதான் பாடம் எடுக்கிறது.

பெற்றோரை அழைத்த மாலையில், பிள்ளைகளின் இடத்தில் எங்களை உட்கார வைத்துவிட்டார் டீச்சர். எனக்குச் சிரிப்பு வந்தது. இன்ஜினீயர் ஆயிற்றே! திரையில் முதல் கணக்கு: டிரக் வாடகை 30 டாலர், மைலுக்கு 2 டாலர். 96 டாலருக்கு எவ்வளவு தூரம் ஓட்டலாம்? மனக்கணக்காகவே 33 என்று தட்டினேன். பச்சை. தூரம் x என்றால் மொத்த வாடகை என்ன என்றது அடுத்த கட்டம். மறுபடி 33 என்றேன். சிவப்பு. 30x+2 என்றேன். இன்னும் சிவப்பு.

குறிப்பு கேட்க ஒரு பொத்தான் உண்டு. முதலில் பொதுவாக உபதேசம், அப்புறம் கொஞ்சம் விவரம், விடாமல் தட்டினால் கடைசியில் விடையையே கையில் கொடுத்துவிடும். காலிங் பெல் கண்ட வாண்டு மாதிரி தட்டினேன். 2x+30 வந்து விழுந்தது. எழுதினேன், பச்சையும் வந்தது. ஓரத்திலிருந்த திறமைப் பட்டை மட்டும் அசையவில்லை.

"குறிப்பு கேட்டா பார் ஏறாதுப்பா, அதுக்குத் தெரியும்" என்றாள் மகள். ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்து, இந்த ஆளுக்கு இது தெரிந்திருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணித்துக்கொண்டே இருக்குமாம்; 95 சதவீதம் தேறினால்தான் அடுத்த பாடம். எங்கள் வீட்டில் இருபதிலேயே நம்பி அரிசி வாங்க அனுப்பிவிடுகிறார்கள்.

இப்படித் தட்டியே விடை வாங்குகிறவர்கள் குறைவாகத்தான் கற்கிறார்கள் என்று ரயன் பேக்கர் என்ற ஆராய்ச்சியாளர் 2004-லேயே எழுதிவிட்டார். அவர் பார்த்தது நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளை. எனக்கு நாற்பத்தெட்டு.

திருத்துகிற வேலை இல்லாததால், தடுமாறுகிறவர் பக்கத்தில் டீச்சர் போய் நிற்க முடிகிறது. இதில் நிஜமான லாபம் அதுதான் என்பேன். அன்று அவர் வந்து நின்றது என் பக்கத்தில். குனிந்து, ரொம்ப நிதானமான குரலில், "ஒரு தடவை மட்டும் கட்டுறது எது, மைல் ஏற ஏறக் கூடுறது எது?" என்று கேட்டார். அடுத்த நாற்காலி அப்பா எட்டிப் பார்த்தார். அவர் பட்டை பாதி ஏறியிருந்தது.

காரில் வரும்போது மனைவியிடம் ஆதாரத்தோடு வாதாடினேன். ரேண்ட் நிறுவனத்தின் 2014 ஆய்வுப்படி, உயர்நிலைப் பள்ளிகளில் இந்த வகைப் பாடம் முதல் வருஷம் பலன் தரவில்லை. இரண்டாம் வருஷம்தான் மதிப்பெண் ஏறியது. "அடுத்த வருஷம் பாரு!"

"அடுத்த வருஷம் நான் போய்க்கிறேன். நீங்க வீட்ல குக்கர் வைங்க."

எத்தனை விசில் என்று கேட்டேன். மகள் பின்சீட்டிலிருந்து சொன்னாள்: "குறிப்பு கேக்காதீங்கப்பா."